நம்ம ஊரும் ஒரு பாடம்தான்



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் நம் வீடுகளில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

"யம்மா, நான் ஆர்ட்ஸ் குரூப் எடுக்கேன். பெறகு காலேஜ்ல சமூகவியல் படிக்கணும்."

"அதப் படிச்சா என்ன வேலைளா கிடைக்கும்? நம்ம ஊரப் பத்தி நமக்குத் தெரியாததா புஸ்தகத்துல இருக்கு?"

அம்மா கேட்டது இரண்டு கேள்வி. இரண்டாவதை முதலில் பார்ப்போம்.

சமூகவியல் என்றால் என்ன?

குடும்பம், சாதி, கல்யாணம், சந்தை, கூலி என்று மனிதர்கள் சேர்ந்து வாழும் முறையை ஆராயும் படிப்பு இது. நம் குழுவையே எடுத்துக்கொள்வோம். கடன் ஒரு அக்கா பேரில். கையெழுத்தும் அவர், தவணை கட்டுவதும் அவர். அந்தப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்தது யார்? ஒரு வீட்டில் வீட்டுக்காரர் மட்டும் முடிவு செய்தால் அது அந்த வீட்டுச் சங்கதி. பல வீட்டில் அப்படி என்றால் அதை 'அவ தலையெழுத்து' என்று விட முடியாது. சொத்து யார் பேரில், பெண்ணுக்குக் கூலி எவ்வளவு என்று காரணம் தேட வேண்டும். அப்படித் தேடுவதுதான் சமூகவியல்.

கங்கைகொண்டான் சொல்லும் பாடம்

நாம் திருநெல்வேலி, கோவில்பட்டி போகும்போது கேள்விப்படும் ஊர்தான் கங்கைகொண்டான். இன்று அங்கே சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற பொருளாதாரப் பேராசிரியர் இருந்தார். கிராமங்களை எப்படி விசாரிப்பது என்று மாணவர்களுக்குக் கேள்விகள் எழுதிக் கொடுத்தார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேட்டு எழுதினார்கள். 1918ல் அது புத்தகமாக வந்தது. அதில் கங்கைகொண்டானும் ஒன்று. பிறகு 1930களில் அதே கிராமங்களை மறுபடி ஆராய்ந்து 1940ல் இன்னொரு புத்தகம் போட்டார்கள். ஊர் எப்படி மாறியது என்று இன்று சொல்ல முடிவது அன்று எழுதி வைத்ததால்தான்.

எங்கே படிக்கலாம்?

சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் 11, 12ம் வகுப்புகளில் சமூகவியல் தனிப் பாடம். அதில் 100க்கு 20 மதிப்பெண் செயல்திட்டத்துக்கு. நம் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல் படித்தால் நல்ல அடித்தளம். கல்லூரியில் பி.ஏ. சமூகவியல் சேரலாம். மேற்படிப்புக்குத் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை உண்டு.

வேலை கிடைக்குமா?

படித்த மறுநாளே வேலை என்று சொல்ல மாட்டோம். பட்டப்படிப்பு கேட்கும் டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வுகளை எழுதலாம். ஐ.ஏ.எஸ். தேர்வில் சமூகவியல் ஒரு விருப்பப் பாடம். மேலே சமூகப்பணி படித்தால் மருத்துவமனை, குழந்தைகள் பாதுகாப்பு, தொண்டு நிறுவனம் என்று வழி இருக்கிறது. பள்ளி ஆசிரியராக ஆசைப்படும் பிள்ளை, இந்தப் பாடத்துக்குப் பணியிடம் உண்டா என்று முதலில் விசாரிக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். "ஆர்ட்ஸ் குரூப்பா? அப்போ படிப்ப நிறுத்திட்டுத் தறிக்குப் போ, பீடி சுத்து" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையில் ஒரு பிள்ளையின் படிப்பு முடிந்துவிடும்.

அடுத்த கூட்டத்தில் பேச:

1. நம் தெருவில் பத்தாம் வகுப்போடு நின்ற பெண் பிள்ளைகள் எத்தனை? ஆண் பிள்ளைகள் எத்தனை?

2. ஏன் நின்றார்கள்? பணமா, பஸ் வசதியா, கல்யாணமா?

3. குழுக்கடன் செலவை முடிவு செய்வது யார்?

யார் பேரும் எழுத வேண்டாம், எண்ணிக்கை போதும். பதிலை உங்கள் மகளையே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அதுவே அவளுக்கு முதல் பாடம்.