நிமிர்ந்து நிற்கக் கற்றுக் கொடுத்த நடனம்



சின்ன வெங்காயம் நடக் குனிகிறோம், பிடுங்கக் குனிகிறோம். மக்காச்சோளத்துக்குக் களை வெட்ட, பருத்தி எடுக்க, ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்கக் குனிகிறோம். இது வேலைக்காகக் குனிவது. பயத்துக்கும் வெட்கத்துக்கும் குனிவது இன்னொன்று. நாலு ஆண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தாண்டும்போது நம் தலை தானாகக் குனிகிறதே, அது. அதை மேடையில் ஆடிக்காட்டிக் கேள்வி கேட்டவர் சந்திரலேகா. அவரைப் பற்றியதுதான் இந்த மாதப் பாடம்.

யார் இந்த சந்திரலேகா?

1928-ல் மகாராஷ்டிராவில் பிறந்தவர். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதநாட்டியம் கற்றார். நரைத்த முடிக்குச் சாயம் பூசாமல், நெற்றியில் பெரிய பொட்டோடு கடைசிவரை வாழ்ந்தவர். 2006 டிசம்பரில் சென்னையில் காலமானார்.

தண்ணீர் எழுப்பிய கேள்வி

1952-ல் அவருடைய அரங்கேற்றம் நடந்தது. ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்டத்தான் அந்த நிகழ்ச்சி. யமுனை ஆற்றில் பெண்கள் நீராடி விளையாடும் காட்சியை அபிநயம் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது வெடித்துக் கிடக்கும் வறண்ட பூமி அவர் மனக்கண்ணில் வந்தது. மேடையில் தண்ணீர் பொங்குகிறது, ஊரிலே குடிக்கத் தண்ணீர் இல்லையே, இது என்ன கலை என்று திகைத்துப் போனார். ஆட்டம் தொடர்ந்தது, ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. குடத்தோடு வரிசையில் நின்று பழகிய நமக்கு அந்தக் கேள்வி நன்றாகவே புரியும்.

பிறகு பல வருடங்கள் அவர் மேடையை விட்டு விலகியே இருந்தார். பெண்கள் இயக்கங்களுக்குச் சுவரொட்டிகள் உருவாக்கினார், பயிற்சிகள் நடத்தினார். 1982-ல் அவர்மேல் ராஜத்துரோக வழக்குகூடப் போட்டார்கள். பிறகு அது கைவிடப்பட்டது. அவர் ஓய்ந்துவிடவில்லை.

ஊர் முகம் சுளித்த ஆட்டங்கள்

1985-ல் 'அங்கிகா' என்ற நடனத்தோடு திரும்பி வந்தார். பரதத்தோடு யோகாவையும் கேரளத்துக் களரிப்பயிற்சியையும் சேர்த்தார். சாமி கதை சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டு, மனித உடம்பின் பலத்தையே காட்டினார். அதில் ஒரு காட்சியில், ஆண் வாகனமாக வர, பெண் அவன் மேல் ஏறி வருவாள். சிங்கத்தின் மேல் அம்மன் வந்தால் கும்பிடுகிறோம். ஆண் மேல் பெண் வந்தால் பலருக்குப் பொறுக்கவில்லை.

1991-ல் வந்த 'ஸ்ரீ' நடனத்தில் பெண்கள் முதுகு வளைந்து, கூனிக்குறுகி மேடையைக் கடப்பார்கள். பார்க்கவே மனசு கனக்கும். முடிவில் அதே பெண்கள் பல கைகள் கொண்ட சக்தியாக எழுந்து நிற்பார்கள். 2001-ல் வந்த 'சரீரா'வில் பெண்ணுடம்பின் ஆசையையும் ஆற்றலையும் ஒளிக்காமல் காட்டினார். ஆபாசம் என்றவர்களும் உண்டு, கையெடுத்துக் கும்பிட்டவர்களும் உண்டு. சங்கீத நாடக அகாடமி அவருக்கு விருது கொடுத்துக் கௌரவித்தது.

நமக்கு இதில் என்ன இருக்கு?

"ஆட்டம் பாட்டமெல்லாம் நமக்கு எதுக்குங்க?" என்று சிலர் கேட்கலாம். நம் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்குப் போனால், பாதி ஆண் பாதி பெண்ணாக அர்த்தநாரீஸ்வரர் கல்லிலே நிற்கிறார். கல்லில் சரிபாதி கொடுத்த ஊரில், வீட்டில் நமக்குச் சரிபாதி இருக்கிறதா? கிராம சபையில் நாற்காலி காலியாக இருந்தாலும் ஓரமாகத் தரையில் உட்காருகிறோம். இடுப்பு வலி, வெள்ளைப்படுதல், அடியிறங்குதல் என்றால் வருஷக்கணக்கில் வாயைத் திறப்பதில்லை. உடம்பைப் பற்றிப் பேசுவதே தப்பு என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள். அந்த மௌனத்தால் நோய் முற்றுகிறது, வைத்தியச் செலவு கூடுகிறது, கடைசியில் குழுவில் வாங்கிய கடனும் ஆஸ்பத்திரிக்கே போகிறது.

சந்திரலேகாவின் ஆட்டம் முழுவதும் நமக்குப் பிடிக்க வேண்டும் என்பதில்லை. 'என் உடம்பு என்னுடையது, அதைப் பற்றிப் பேச எனக்கு வெட்கமில்லை' என்ற அந்தத் தைரியத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நாம் எந்தெந்த இடத்தில், யார் முன்னால் குனிந்து போகிறோம்? ஏன்?
2. வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் உடம்பு வலி என்ன? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தனியாகப் போகத் தயங்குபவரோடு துணைக்குப் போவது யார்?
3. அடுத்த கிராம சபையில் நம் குழுவில் எத்தனை பேர் நாற்காலியில் உட்காரப் போகிறோம்?

பேசி முடித்ததும் எல்லோரும் எழுந்து, முதுகை நேராக்கி, மூச்சை நன்றாக இழுத்து விட்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். பிறகு தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடலாம்.