இலவச லாரிப் பயிற்சியும் ஒன்பதாவது பிரிவும்

(மூன்றாம் ஆண்டு, டிப்ளமோ இயந்திரவியல்)



நம் ஊரில் பிறந்தவனுக்கு லாரிச் சத்தம் புதிதல்ல. 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கும் நம் துறைமுகத்துக்கு நிலக்கரி, உப்பு, கன்டெய்னர் என்று இரவு பகலாக வண்டிகள் ஓடுகின்றன. படித்து முடித்தவனுக்கும் சரி, பாதியில் விட்டவனுக்கும் சரி, டிரைவர் வேலை கண்ணெதிரே தெரிகிற வேலை. அதிலும் "பயிற்சி இலவசம், தங்க இடம் இலவசம், முடித்ததும் வேலை" என்று ஒரு கம்பெனி சொன்னால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அப்படிச் சேரலாமா, சேர்ந்தால் எதைப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரை. இதை எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. இந்த விஷயத்தில் நான் ஒரு பெரிய தப்பு செய்திருக்கிறேன்.

நடந்தது என்ன?

என் பெற்றோர் உப்பளத் தொழிலாளர்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் பேங்க் கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது அத்தை மகன் ஒரு காகிதக் கட்டோடு வீட்டுக்கு வந்தார். அவர் லாரியில் கிளீனராக இருந்தவர். வெளியூர்க் கம்பெனி ஒன்று அவரை டிரெய்லர் டிரைவராக்கப் பயிற்சி தருவதாகச் சொல்லியிருந்தது. ஒப்பந்தம் ஆறு பக்கம். எல்லாம் இங்கிலீஷ்.

"மாப்ள, நீ படிச்சவன்லா, என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லு" என்றார்.

நானும் பெரிய மனுஷன் போலப் படித்தேன். ஒன்பதாவது பிரிவில் 'லிக்விடேட்டட் டேமேஜஸ்' என்று போட்டு 60,000 ரூபாய் என்றிருந்தது. லிக்விட் என்றால் திரவம், டேமேஜ் என்றால் சேதம். வண்டியில் ஏற்றிய சரக்கு தண்ணீர் பட்டு நனைந்தால் கட்ட வேண்டிய பணம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "ஒண்ணும் இல்ல மச்சான், சரக்கு நனையாமப் பாத்துக்கிடணும், அவ்வளவுதான்" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அதன் உண்மையான பொருள் வேறு. ஒப்பந்தத்தை மீறினால் எவ்வளவு ஈடு கட்டுவது என்று முன்கூட்டியே பேசி வைக்கிற தொகை அது. இரண்டு வருடம் முடியுமுன் வேலையை விட்டால் 60,000 ரூபாய் கட்ட வேண்டும் என்பதுதான் அந்தப் பிரிவு.

பதினாலாவது மாதத்தில் மாமாவுக்கு உடம்பு முடியாமல் போனது. மச்சான் ஊரோடு வந்து வேலை பார்க்க நினைத்தார். கம்பெனி முழுத் தொகையையும் கேட்டது. அவருடைய லைசென்ஸும் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் அவர்களிடம் இருந்தன. அத்தையின் கம்மலும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போயின. மச்சான் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே சொல்லிக் கொடுத்தது நல்ல பயிற்சி. நாற்பது அடி டிரெய்லரை ரிவர்ஸில் எடுத்து மச்சான் நிறுத்துவதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

லைசென்ஸ் எடுக்கும் படிகள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி கார் ஓட்ட 18 வயது போதும். போக்குவரத்து வாகனத்துக்கு, அதாவது சரக்கு வண்டி, பஸ் முதலியவற்றுக்கு, 20 வயது ஆக வேண்டும். அதற்குப் பழகுநர் உரிமம் வாங்குமுன் இலகுரக வாகன லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். 7,500 கிலோ வரை எடையுள்ள சரக்கு வண்டியை இலகுரக லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. டிரெய்லர், டிப்பர் போன்றவற்றுக்குக் கனரக லைசென்ஸ் கட்டாயம். ஆகவே 18 வயதுப் பையனிடம் "அடுத்த மாதமே டிரெய்லர் ஓட்டலாம்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

2021-ல் வந்த விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் கனரக வாகனப் பயிற்சி 38 மணி நேரம். அதை ஆறு வாரத்துக்குள் நடத்த வேண்டும். அங்கே தேறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தனியாக ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. அமிலம், எரிவாயு, பெட்ரோல் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்குத் தனிப் பயிற்சியும் சான்றும் வேண்டும். அதற்கு ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். டிப்ளமோ படித்த நமக்கு இது ஒரு சாதகம்.

கற்க எத்தனை வழி?

முதல் வழி பழைய வழி. கிளீனராகப் போய், டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, டயர் மாற்றி, தார்ப்பாய் கட்டி, வருடக்கணக்கில் கற்பது. காசு போகாது, காலம் போகும். டிரைவர் நல்லவராக அமைவதும் அதிர்ஷ்டம்தான்.

இரண்டாவது, கைக்காசு கட்டிப் பயிற்சிப் பள்ளியில் சேர்வது. எந்தக் கட்டுப்பாடும் இல்லை; ஆனால் வேலையை நாமே தேட வேண்டும்.

மூன்றாவது, அரசு சார்ந்த பயிற்சிகள். கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியும், நாமக்கல்லில் அசோக் லேலண்ட் பயிற்சி மையமும் உண்டு. திறன் மேம்பாட்டுக் கழகத்தின் இலவசப் பயிற்சிகளையும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் விசாரியுங்கள். முதலில் இந்தக் கதவைத் தட்டிவிட்டு மற்றதற்குப் போவது நல்லது.

நான்காவதுதான் கம்பெனி செலவில் பயிற்சி. அமெரிக்காவிலும் பெரிய லாரி கம்பெனிகள் புதியவர்களை இப்படித்தான் சேர்க்கின்றன. படிப்பு கம்பெனி செலவு. பதிலுக்கு இத்தனை மாதம் அவர்களிடமே ஓட்ட வேண்டும். இடையில் விட்டால் செலவைத் திருப்பித் தர வேண்டும்.

இதை என் அம்மாவிடம் விளக்கியபோது, "அப்போ இது மழைக்கால முன்பணம் மாதிரிதான? இதுல இலவசம் எங்கலே இருக்கு?" என்றாள். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அப்போது வாங்கும் முன்பணத்தை வெயில் காலத்தில் உழைத்துத்தான் தீர்க்க வேண்டும். ஆறு பக்கம் படித்தும் எனக்கு விளங்காதது பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. முன்பணம் வாங்குவது தப்பில்லை. முன்பணம் என்று தெரியாமல் வாங்குவதுதான் தப்பு.

கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்விகள்

1. எத்தனை மாதம் கட்டுப்பட வேண்டும்? அது பயிற்சியில் சேர்ந்த நாளிலிருந்தா, வேலை தொடங்கிய நாளிலிருந்தா?

2. விட்டால் எவ்வளவு? மாதாமாதம் குறையுமா? 24 மாதத்துக்கு 60,000 என்றால் மாதம் 2,500. பதினாலு மாதம் வேலை பார்த்தவர் 35,000 ரூபாயை உழைத்தே தீர்த்துவிட்டார், மீதி 25,000தான். மச்சானின் ஒப்பந்தத்தில் இந்தக் குறைப்பு இல்லை.

3. சம்பளம் எவ்வளவு, பேட்டா எவ்வளவு? வெளியில் கொடுப்பதைவிட மாதம் 3,000 குறைவு என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 24 மாதத்தில் 72,000 ஆகிறது. 60,000 ரூபாய்ப் பயிற்சிக்கு அதைவிட அதிகமாகவே கட்டியாயிற்று!

4. அசல் சான்றிதழ், லைசென்ஸ் எதையாவது கேட்கிறார்களா? நகலைக் கொடுங்கள். அசல் உங்கள் கையில் இருக்கட்டும்.

5. உடம்பு முடியாமல் போனால், விபத்து நடந்தால், கம்பெனியே நிறுத்தினால் என்ன? அப்போதும் பணம் கட்ட வேண்டுமா?

இவற்றுக்கு வாயால் சொல்லும் பதில் செல்லாது. காகிதத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் ஒரு பிரதியும் உங்களிடம் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

"பாண்டு எல்லாம் செல்லாதுடே, ஓடி வந்துரலாம்" என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. மூன்று வருடத்துக்குள் விட்டால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. அதே சமயம், எழுதிய தொகை முழுவதையும் கட்டியே தீர வேண்டும் என்பதும் சரியல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 74-வது பிரிவு, எழுதிய தொகைக்கு மேற்படாமல் நியாயமான ஈட்டை மட்டுமே பெறலாம் என்கிறது. நியாயம் எவ்வளவு என்று பேச நமக்கு இடம் உண்டு. இது தெரியாமல்தான் நாங்கள் முழுத் தொகையும் கட்டினோம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தகுதியுள்ளவர்களுக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

முடிவுரை

நண்பர்களே! நம்மில் சிலர் லாரி ஓட்டலாம். பலர் கம்பெனிகளுக்குப் போகலாம். எல்லோர் முன்னாலும் ஒருநாள் சர்வீஸ் பாண்டு என்று ஒரு காகிதம் வரும். 18 வயது ஆகிவிட்டதால் நம் கையெழுத்துக்கு இப்போது மதிப்பு உண்டு. அதனால் அதற்கு விலையும் உண்டு.

முத்துக்குளிக்கப் போகிறவரின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பார், தன் அக்கா தங்கை வாழ்க்கை அதில் இருப்பதால் விடமாட்டார் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கயிறு இருக்கிறது. வீட்டில் யாராவது காகிதம் கொண்டுவந்து "படிச்சுச் சொல்லு" என்றால், புரியாத இடத்தில் "எனக்குப் புரியல, கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மச்சான் இப்போது துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார். கம்மலை மீட்டாயிற்று. சங்கிலி இன்னும் கடையில்தான் இருக்கிறது. என் முதல் சம்பளம் அதற்குத்தான்.