வீட்டில் வளர்க்கத்தக்க ஆமை எது?

ஆமை சாதுவான பிராணி. அது சத்தமிடுவதில்லை, புல்லையும் கீரையையும் தின்று ஒரு மூலையில் கிடக்கும். ஆதலின் குழந்தைகளுள்ள குடும்பத்தார் பலர் அதனை வளர்க்க விரும்புகின்றனர். மாடு பிடிக்குங்கால் சுழியும் பல்லும் பார்க்கும் குடியானவரும், ஆமை விஷயத்தில் குஞ்சின் அழகொன்றையே பார்த்து ஏமாறுவதுண்டு. அது முற்றும் வளர்ந்தபின் எவ்வளவு பெரிதாகும், எத்தனை ஆண்டு வாழும், எத்தகைய தட்பவெப்பமும் உணவும் வேண்டும், சட்டம் அதற்கு இடந்தருகிறதா என்னும் நான்கையும் முதலில் ஆராய்தல் வேண்டும்.

ஆயுளுக்கு ஓர் உதாரணம் கூறலாம். இங்கிலாந்தில் கில்பர்ட் ஒயிட் என்னும் இயற்கை நூலாசிரியரின் அத்தை ஓர் ஆமையை நெடுங்காலம் வளர்த்தார். 1780-இல் அவர் இறந்தபின் ஒயிட் அதனை ஏற்றார். 1793-இல் ஒயிட்டும் இறந்தார். ஆமை 1794 வரை இருந்தது. ஆமையை ஏற்பவர், தமக்குப்பின் அதனைக் காப்பவர் யாரென்பதையும் எண்ணுதல் வேண்டும்.

இனி, மக்கள் நாடும் இனங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

(1) செங்காது ஆமை: அமெரிக்காவைச் சேர்ந்த நீராமை. கடைகளில் உள்ளங்கையிலடங்கும் குஞ்சாக விற்கப்படும். பின்னர் 12 அங்குலம் வரை வளரும். தொட்டி நீரை விரைவில் அழுக்காக்கும். அதன் உடலிலுள்ள சால்மொனெல்லா என்னும் கிருமி குழந்தைகளுக்கு வயிற்றுக் கடுப்பும் சுரமும் உண்டாக்கியமையால், 4 அங்குலத்திற்குக் குறைந்த ஆமைகளின் விற்பனை அமெரிக்காவில் 1975-இல் தடுக்கப்பட்டது. சலித்தவர்கள் இதனை ஏரி குளங்களில் விடுவது பெருந்தீங்கு. அங்குள்ள நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் இது கவர்ந்துகொள்ளும்.

(2) சுல்காட்டா: ஆப்பிரிக்க வறண்ட நிலத்து ஆமை. 45 கிலோவுக்கு மேலும் எடை பெறக்கூடும். ஆழமாக வளை தோண்டும். சாதாரண வீட்டு முற்றம் இதற்குப் போதாது.

(3) ஹெர்மன் ஆமை: தென் ஐரோப்பாவில் உள்ளது, ஏறக்குறைய 6 முதல் 8 அங்குலமே வளரும். அக்கண்டத்தில் தோட்டமுள்ள வீடுகளுக்கு ஏற்றது. குளிர்காலத்தில் உறங்கும் இயல்புடைய இதற்குத் தமிழ்நாட்டின் வெப்பமும் மழைக்கால ஈரமும் பொருந்தா. சர்வதேச ஒப்பந்த அட்டவணைகளில் கண்ட இத்தகைய அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டுமென 2022-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதிக்கிறது.

(4) நட்சத்திர ஆமை: கரிய ஓட்டில் மஞ்சட் கதிர்கள் விரிந்த இவ்வழகிய ஆமை, தமிழ்நாட்டுப் புதர்க்காடுகளிலும் வேலியோரங்களிலும் காணப்படும். நான்கு சோதனைகளில் இதன் அளவும் தட்பவெப்பமும் பொருந்தினும் சட்டம் இடந்தராது. இப்போது இது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. பிடிப்போர்க்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் நேரலாம். மேலும், அறையில் அடைத்துச் சோறும் ரொட்டியும் இட்டு வளர்த்தால், வெயிலும் சுண்ணாம்புச் சத்தும் இன்றி ஓடு மென்மையடைந்து கோணும்.

(5) கிணற்று ஆமை: நீர் சுத்தமாகும் என நம்பிப் பாலாமையைக் கிணற்றில் விடும் வழக்கம் சிலவிடங்களில் உண்டு. இது இருவகையில் தவறு. ஆமையின் கழிவால் குடிநீரிற் கிருமி சேரும். செங்குத்தான சுவரில் ஏறி வெயில் காயவும், கரையில் முட்டையிடவும் வழியின்றி ஆமையும் வருந்தும். பாலாமையும் முதல் அட்டவணையைச் சேர்ந்ததே.

ஆகவே, வீட்டினுள் வளர்க்க ஏற்ற ஆமை இங்கே இல்லையென்றே கொள்ளல் வேண்டும். ஆனால் நிலமுடையவர்க்கு வேறொரு வாய்ப்புண்டு. வேலியோரத்துப் புதரில் ஒரு பகுதியை வெட்டாது விட்டு, தரிசைக் கொளுத்துமுன் ஒருமுறை சுற்றிப் பார்த்து, உழவில் அகப்படும் ஆமையை அருகிலுள்ள புதரிலேயே விட்டால், மழைக்காலத்தில் அது மேய்வதைக் குழந்தைகள் தம் நிலத்திலேயே கண்டு மகிழலாம்.

ஆமைகளைக் கூட்டமாகப் பிடித்துச் செல்வோரைக் காணின், கிராம அதிகாரிகள் உடனே வனத்துறைக்குத் தெரிவித்தல் கடமை. வீட்டில் முன்னரே வைத்திருப்போரும் கண்ட இடத்தில் விட்டுவிடாமல் அத்துறையிடமே ஒப்படைத்தல் நலம்.