மலையில் நின்றுபோகும் புது கார்: தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, நேற்று ராத்திரி நீ போனில் அழுததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. வாங்கி நாலு மாதம் ஆகாத கார். வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், கரியாலூருக்குக் கீழே மலைவளைவில் மூன்றாவது தடவையாக நின்றிருக்கிறது. பின்னால் பஸ், பக்கத்தில் பள்ளம். உன் கோபம் நியாயம்தான். ஆனால் ஷோரூமில் போய்ச் சத்தம் போடாதே. என் முதல் காருக்கு நான் சத்தம் போட்டே இரண்டு மாதத்தை வீணாக்கினேன். அங்கே பேசியது எதுவும் காகிதத்தில் ஏறவில்லை. கடைசியில் கியர்பாக்ஸை முழுசாக மாற்றிக் கொடுத்தார்கள் என்றால், அதற்குப் பிறகு நான் சேர்த்த ஜாப் கார்டுகள்தான், அதாவது வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது குறையை எழுதித் தரும் சீட்டுகள்தான், காரணம்.

ஜாப் கார்டில் ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாதே. உன் வாயால் சொன்ன குறை அப்படியே ஏற வேண்டும்: மேட்டில் இரண்டாவது கியரில் ஏறும்போது இழுவை குறைகிறது, இன்ஜின் அணைகிறது, கொஞ்ச நேரம் ஆறினால்தான் ஸ்டார்ட் ஆகிறது. தேதி, ஓடிய கிலோமீட்டர், விட்ட நேரம், எடுத்த நேரம் எல்லாம் இருக்கட்டும். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது ‘வேலை திருப்தி’ என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். ‘மலையில் ஓட்டிப் பார்க்கவில்லை, குறை தீர்ந்ததா என்று தெரியாது’ என்று உன் கையால் எழுதிவிட்டுப் போடு. ஒரே குறைக்கு நாலு தடவை போனால் நாலு ஜாப் கார்டு வேண்டும். ‘சும்மா ஒரு பார்வை பார்த்தோம் மேடம், கார்டு எதுக்கு’ என்பார்கள். விடாமல் கேட்டு வாங்கு.

மலை ஏறுகிற நம் ஊர்க்காரர்களுக்கு வருகிற சங்கடம் ஒன்று உண்டு. சர்வீஸ் சென்டர் ஆள் வண்டியை எங்கே ஓட்டிப் பார்ப்பார்? சேலம் - உளுந்தூர்பேட்டை நாலுவழிச் சாலையில். அது பலகை மாதிரி இருக்கும். அங்கே உன் கார் குதிரை மாதிரி ஓடும். ‘குறை தென்படவில்லை’ என்று எழுதித் தந்துவிடுவார். அந்த ஒரு வரி நாளைக்கு உனக்கு எதிராகவே நிற்கும். அதனால் எழுத்தில் கேள்: கம்பெனி டெக்னீஷியன் கூட வர வேண்டும், கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணை தாண்டி மலை ஏற வேண்டும், நீ வழக்கமாக ஏற்றிப் போகிற ஆளும் சுமையும் வண்டியில் இருக்க வேண்டும், ஸ்கேனர் மாட்டியபடியே ஓட்ட வேண்டும். நின்ற இடம், வந்த எரர் கோடு எல்லாவற்றையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். வர மறுத்தால் அந்த மறுப்பையும் மெயிலில் வாங்கு. வண்டி நிற்கும்போது டேஷ்போர்டு விளக்கை வீடியோ எடுப்பது பக்கத்தில் இருப்பவர் வேலை, உன் வேலை இல்லை. நின்றதும் யாரோ சொன்னார்கள் என்று பேட்டரி வயரைக் கழற்றாதே, சில எரர் கோடுகள் அதோடு அழிந்துவிடும்.

அவர்களுக்குச் சாக்கு கொடுக்காதே. வெளியே ஹாரன், எல்இடி விளக்கு மாட்டுகிறேன் என்று வயரை வெட்ட விடாதே. சர்வீஸ் தேதியைத் தள்ளாதே. மலை மேல் பாட்டிலில் விற்கிற பெட்ரோலை அவசரத்துக்குக்கூட ஊற்றாதே, பங்க் பில்லை வைத்துக்கொள். வாரன்டி வருஷக் கணக்கு, கிலோமீட்டர் கணக்கு இரண்டில் எது முந்துகிறதோ அதோடு முடியும். தினம் மலை ஏறி இறங்குகிற உனக்குக் கிலோமீட்டர் முந்தலாம்.

இனி, நீ கேட்ட கேள்வி: புது காரே தருவார்களா? உண்மையைச் சொல்கிறேன், லேசில் தர மாட்டார்கள். அமெரிக்க மாநிலங்களில் இதற்கென்றே ‘லெமன் சட்டம்’ இருக்கிறது. இத்தனை தடவை பழுது பார்த்தும் தீராவிட்டால் மாற்றிக் கொடு அல்லது பணத்தைத் திருப்பு என்று சொல்லும். நமக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. 2006-இல் மாருதி உத்யோக் - சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில், வாரன்டி பழுதான பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோதான் பேசுகிறது, அதற்காக முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது உச்ச நீதிமன்றம். கம்பெனி வக்கீல்கள் இதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆனால் 2022 ஏப்ரலில் அதே நீதிமன்றம், விபத்தில் ஏர்பேக் விரியாத ஹூண்டாய் க்ரெட்டா வழக்கில் வண்டியை மாற்றித் தரச் சொன்ன உத்தரவை உறுதி செய்தது. எந்த வேகத்தில் எவ்வளவு விசை என்று கணக்குப் போட, கார் வாங்குபவர் இயற்பியல் நிபுணர் இல்லை என்றும் சொன்னது. உயிருக்கு ஆபத்தான குறை என்பதை நீ காட்ட வேண்டும். மலைவளைவில் இன்ஜின் அணைவது அந்த வகைதான் என்பது என் எண்ணம். எதற்கும், வண்டி மாற்றம் அல்லது பணம், அதுவும் இல்லையென்றால் பாகத்தை முழுசாக மாற்றி வாரன்டி நீட்டிப்பு, கூடவே நஷ்டஈடு என்று எல்லாவற்றையும் கேள்.

இதையெல்லாம் கேட்டு எழுதும் கடிதம் டீலருக்கு மட்டும் போனால் போதாது. தயாரிப்பு கம்பெனிக்கும் ஸ்பீட் போஸ்டில், டெலிவரி ஒப்புகையோடு போகட்டும். சேசிஸ் நம்பர், இன்வாய்ஸ் நகல், ஜாப் கார்டு நகல் வை. 15 நாள் கெடு கொடு. நடுவில் 1915-க்குப் போன் போட்டு தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்துவிடு. பல கம்பெனிகள் அங்கிருந்து புகார் போனதும்தான் பதில் பேசும்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீ குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் சரி. 50 லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்கு மாவட்ட ஆணையமே போதும். உன் கார் 9 லட்சம், கட்டணம் 200 ரூபாய். ஆன்லைனிலும் போடலாம். குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், வாரன்டி இருக்கிறதே என்று காத்திருந்து கோட்டை விடாதே. அங்கே ‘உற்பத்திக் குறை’ என்று நீ சொன்னால் மட்டும் போதாது. நிபுணரை வைத்து வண்டியைச் சோதிக்கச் சொல்லி ஆரம்பத்திலேயே மனு போடு. நிபுணர் அறிக்கை இல்லாமல் நல்ல வழக்குகள்கூடத் தோற்றிருக்கின்றன.

கோபத்தில் இஎம்ஐ-யை நிறுத்திவிடாதே. கடன் கொடுத்த பேங்குக்கும் இந்தக் குறைக்கும் சம்பந்தமில்லை. கெடுவது உன் சிபில் மதிப்பெண்தான்.

சனிக்கிழமை நான் கள்ளக்குறிச்சி வருகிறேன். கையில் இருக்கிற ஜாப் கார்டுகளையும் இன்வாய்ஸையும் எடுத்து வை, உட்கார்ந்து கடிதம் எழுதிவிடலாம். அதுவரை மலைக்கு பஸ்ஸிலேயே போ.