விசாரிக்க வந்தவர்
(உரைநடை: நூல் அறிமுகம்)

நுழையுமுன்

துப்பறியும் கதையை விரும்பாதவர் அரியர். கொலை ஒன்று நிகழும். அறிவுக்கூர்மை மிக்க ஒருவர் வருவார். தடயங்களைத் தொகுத்து, இறுதியில் குற்றவாளியைச் சுட்டிக்காட்டுவார். இவ்வகைக் கதையைப் படிப்பவர் ஒன்றைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறார்: விசாரிப்பவர் நீதியின் பக்கம் நிற்கிறார் என்பதே அது. விசாரிப்பவரை அனுப்பிய அரசே நீதியின் பக்கம் நில்லாதபோது என்ன ஆகும்? சி. ஜே. சான்சம் எழுதிய 'டிசல்யூஷன்' என்னும் ஆங்கிலப் புதினம் இவ்வினாவை எழுப்புகிறது.

பாடம்

1537ஆம் ஆண்டின் பனிக்காலம். இங்கிலாந்தின் தென்கரையில், சசெக்ஸ் பகுதியில், ஸ்கார்ன்சி என்னும் கடலோர ஊர். அவ்வூரிலுள்ள புனித டொனேட்டஸ் துறவுமடத்தின் சமையற்கூடத்தில் அரசின் ஆணையர் ராபின் சிங்கிள்டன் தலை துண்டிக்கப்பட்டுக் கிடக்கிறார். அதே இரவில் மடத்துத் திருக்கோயிலின் பலிபீடத்தில் கறுப்புச் சேவல் ஒன்று பலியிடப்பட்டிருக்கிறது. இயேசுவுடன் சிலுவையில் அறையப்பட்டு மனந்திரும்பிய கள்வனின் கை என்று மக்கள் போற்றிவந்த திருப்பண்டமும் மறைந்துவிட்டது. கள்வனின் கையே களவு போயிற்று என்பது புதின ஆசிரியரின் குறும்பு.

இக்கொலையை ஆராய லண்டனிலிருந்து வருபவர் மேத்யூ ஷார்ட்லேக். லிங்கன்ஸ் இன் என்னும் வழக்கறிஞர் மன்றத்தைச் சேர்ந்தவர், கூன்முதுகு உடையவர். சிறுவயதில் குருத்துவ வாழ்வை விரும்பியபோது, கூனன் அதற்குத் தகுதியற்றவன் என்று இழித்துரைக்கப்பட்டவர். தெருவில் செல்கையில் பிறர் தம் முதுகை நோக்குவதை அவர் ஒவ்வொரு முறையும் அறிகிறார். கதை முழுவதும் அவர் கூற்றாகவே அமைந்துள்ளது. ஆகவே அவர் கண்டதையே படிப்பவரும் காண முடியும்; அவர் காணத் தவறியதைப் படிப்பவரும் தவறவிடுவார். இவ்வுத்தியை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. புதினத்தின் முழுப் பொறியும் இதன்மீதுதான் இயங்குகிறது.

ஷார்ட்லேக்கை அனுப்பியவர் தாமஸ் குரோம்வெல். இவர் கற்பனைப் பாத்திரம் அல்லர். எட்டாம் ஹென்றி மன்னரின் முதன்மை அமைச்சராக விளங்கியவர். ஸ்கார்ன்சி என்னும் ஊரும் அதன் மடமும் ஆசிரியர் படைத்தவை. அவற்றைச் சூழ்ந்திருக்கும் அரசியலோ வரலாற்றில் உள்ளபடியே எடுத்தாளப்பட்டுள்ளது.

அவ்வரசியலைச் சிறிது அறிந்துகொள்ளாமல் கதைக்குள் செல்ல இயலாது. 1534ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமை போப்பாண்டவரிடமிருந்து மன்னருக்கு உரியதென அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நாடெங்கும் உள்ள சமய நிறுவனங்களின் வருவாய் கணக்கெடுக்கப்பட்டது. அரசு அனுப்பிய ஆணையர்கள் மடம் மடமாகச் சென்று துறவியரின் ஒழுக்கக்கேடுகளைப் பட்டியலிட்டனர். 1536இல் ஆண்டு வருவாய் 200 பவுண்டுக்குக் குறைந்த மடங்களை மூடச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டின் இறுதியில் வட இங்கிலாந்தில் மக்கள் பெருந்திரளாகக் கிளர்ந்தெழுந்தனர், கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது, அதன் தலைவர் ராபர்ட் ஆஸ்க் 1537இல் யார்க் நகரில் தூக்கிலிடப்பட்டார். பெரிய மடங்களைச் சட்டத்தால் மூடினால் மீண்டும் நெருப்பு மூளலாம் என்ற அச்சம் அரசுக்கு இருந்தது. ஆகவே வேறு வழி கையாளப்பட்டது. மடத்தினர் தாமாகவே முன்வந்து மடத்தை ஒப்படைப்பதாகக் கையொப்பம் இட வேண்டும்; இட்டவர்க்கு ஓய்வூதியம் உண்டு. 1540க்குள் ஏறத்தாழ 800 துறவு இல்லங்கள் மறைந்தன. கூரைகளின் ஈயத் தகடுகள் உரித்து உருக்கப்பட்டன, மணிகள் உடைக்கப்பட்டன, நிலங்கள் செல்வர் கைக்கு மாறின.

சிங்கிள்டன் ஸ்கார்ன்சிக்கு வந்தது அத்தகைய கையொப்பத்தைப் பெறவே. அவர் கொலையுண்டபின் ஷார்ட்லேக்கிற்கு இரண்டு பணிகள் தரப்படுகின்றன: கொலையாளியைக் கண்டுபிடிக்க வேண்டும், கையொப்பத்தையும் பெற வேண்டும். முதற்பணி நீதியின் பணி. இரண்டாவது அரசின் தேவை. இரண்டும் ஒருவர் தோளிலேயே ஏற்றப்படுகின்றன என்பதைப் படிப்பவர் தொடக்கத்தில் பொருட்படுத்துவதில்லை. ஷார்ட்லேக்கும் பொருட்படுத்துவதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. அவர் கையூட்டு வாங்குபவரோ கொடியவரோ அல்லர். சமயச் சீர்திருத்தத்தில் மனமார நம்பிக்கை கொண்டவர். மடங்கள் எளியவரை ஏய்த்துச் செல்வம் சேர்க்கின்றன, போலித் திருப்பண்டங்களைக் காட்டிக் காணிக்கை பறிக்கின்றன, அவை மறைந்தால் அச்செல்வம் ஏழைகளுக்குப் பள்ளிகளாகவும் மருத்துவமனைகளாகவும் மாறும் என்று எண்ணுபவர். அவர் கூறுவதில் உண்மையும் இருக்கிறது. ஸ்கார்ன்சி மடத்தில் நல்லுணவும் வெதுவெதுப்பான அறைகளும் துறவியர்க்கு உண்டு. வாயிலில் பசித்தவர் காத்து நிற்கின்றனர். இளந்துறவி ஒருவன் தண்டனை என்ற பெயரில் வதைக்கப்படுகிறான். பொருளாளரின் கணக்கில் ஏதோ மறைக்கப்படுகிறது. நீல அட்டையிட்ட கணக்குப் புத்தகம் ஒன்று தேடப்படுகிறது. மடத்தை ஆசிரியர் வெள்ளையடித்துக் காட்டவில்லை. இதனால்தான் கதை ஒருபக்கச் சார்பின்றி நிற்கிறது.

துப்பறியும் பகுதியில் சுவை மிக்கது தடயத்தை ஆராயும் இடம். சிங்கிள்டனின் கழுத்து ஒரே வீச்சில், சிதைவின்றி வெட்டப்பட்டிருக்கிறது. கோடரியால் வெட்டினால் அவ்வாறு அமையாது. கூரிய வாளே அதைச் செய்திருக்க வேண்டும் என்று ஷார்ட்லேக் உணர்கிறார். எவ்வாறு உணர்ந்தார்? அதற்கு முந்தைய ஆண்டு மே 19ஆம் நாள் லண்டன் கோபுரச் சிறையில் அரசி ஆன் பொலின் வாளால் தலை துண்டிக்கப்பட்டபோது, புதினத்தின்படி, அவரும் அங்கிருந்தார். இங்கிலாந்தில் தலை துண்டிக்கக் கோடரியே வழக்கம். அரசிக்காகக் கலே நகரிலிருந்து வாள்வீரர் ஒருவர் வரவழைக்கப்பட்டார் என்பது வரலாறு. பழைய சாவு ஒன்றைப் பார்த்த கண்தான் புதிய சாவைப் புரிந்துகொள்கிறது. தடயத்தைப் படிப்பவரின் அறிவே அவர் யாருடைய ஆள் என்பதையும் காட்டிக்கொடுக்கிறது.

இவ்விடத்திலிருந்து கதை வேறு பாதையில் திரும்புகிறது. மடத்தில் ஜெரோம் என்னும் முதிய துறவி அடைக்கலமாக வாழ்கிறார். அவர் கார்த்தூசியன் சபையைச் சேர்ந்தவர். மன்னரைத் திருச்சபைத் தலைவராக ஏற்க மறுத்தமைக்காக லண்டன் கார்த்தூசியன் மடத்துத் தலைவர் ஜான் ஹூட்டன் 1535இல் கொல்லப்பட்டார். அம்மடத்துத் துறவியர் பலர் 1537இல் நியூகேட் சிறையில் பட்டினியால் மாண்டனர். ஜெரோம் கற்பனைப் பாத்திரமே எனினும் இவ்வரலாற்றின் நிழலில் படைக்கப்பட்டவர். வதைக் கருவியால் உடல் முறிந்தவர். அவர் ஷார்ட்லேக்கிடம் ஒரு செய்தியைச் சொல்கிறார். லண்டன் கோபுரச் சிறையில் அவருக்கு அருகே மார்க் ஸ்மீட்டன் அடைக்கப்பட்டிருந்தான், அரசியுடன் தகாத உறவு கொண்டதாக அவன் தந்த வாக்குமூலம் பொய், அது வதைத்து வாங்கப்பட்டது, வாங்குவித்தவர் குரோம்வெல்.

மார்க் ஸ்மீட்டன் வரலாற்றில் வாழ்ந்தவர், அரண்மனை இசைக்கலைஞர். ஆன் பொலினுடன் சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்ட ஐந்து ஆடவருள் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் அவர் ஒருவரே. மற்ற நால்வரும் உயர்குடியினர். ஐவரும் 1536 மே 17இல் கொல்லப்பட்டனர். ஸ்மீட்டன் வதைக்கப்பட்டார் என்ற பேச்சு உண்டு. வரலாற்றாசிரியர்கள் அதில் ஒருமித்த கருத்துடையவர் அல்லர். ஆவணங்கள் வாய்மூடும் இந்த இடத்தில்தான் புதினம் வாய்திறக்கிறது. வரலாற்றுப் புதினத்திற்கு உரிமை உள்ள இடமும் இதுவே. தெரிந்த நாள்களையும் பெயர்களையும் மாற்றுவதற்கு அதற்கு உரிமை இல்லை. தெரியாத அறைக்குள் விளக்கேந்திச் செல்ல உண்டு.

ஷார்ட்லேக் முதலில் நம்ப மறுக்கிறார். பகைவர் சொல் என்று தள்ளுகிறார். பிறகு உறக்கம் கெடுகிறது. வழக்கறிஞர் என்ற முறையில் தம் வாழ்நாள் முழுவதும் வாக்குமூலங்களை நம்பி வாதாடியவர், ஒரு வாக்குமூலம் எவ்வாறு பிறக்கிறது என்று அன்றுதான் எண்ணிப் பார்க்கிறார். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது பழமொழி. விசாரணையே பொய்யை உண்டாக்கும் கருவியாகிவிட்டால் மெய் எங்கே ஒதுங்கும்? ஸ்கார்ன்சிக் கொலையின் விடையைவிட இக்கேள்வியே அவரை மிகுதியாக வாட்டுகிறது. பின்னர்க் குரோம்வெல்லை நேரில் கண்டு பேசும்போது, தம் தலைவரின் முகத்தில் அவர் வெட்கத்தைத் தேடுகிறார். கிடைப்பது அரசியல் விளக்கம்.

கொலையாளியின் பெயரை இப்பாடம் சொல்லாது; நூலைப் படிக்கப் போகிறவரின் இன்பத்தைப் பறிப்பது முறையன்று. விடை வெளிப்படும்போது அது மடத்துச் சுவர்களுக்குள் மட்டும் அடங்குவதாய் இராது என்று குறிப்பிட்டால் போதும்.

மடத்து மருத்துவராகிய துறவி கை என்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பெயினிலிருந்து வந்த மூர் இனத்தவர்; கருநிறத்தவர். அவ்வூரார் அவரை வியப்போடும் ஐயத்தோடும் நோக்குகின்றனர். தோற்றத்தால் விலக்கப்பட்ட இருவர், சமய நம்பிக்கையால் எதிரெதிர் அணியில் நின்றும், ஒருவரையொருவர் மதிக்கக் கற்கின்றனர். இந்நட்பு பிந்தைய நூல்களிலும் தொடர்கிறது. புதினத்தின் ஈரமான பகுதி இதுவே. இதற்கு நேர்மாறாக, காதல் சார்ந்த பகுதிகள் சற்று வறண்டவை. பாத்திரங்கள் சில இடங்களில் தமக்கு முன்பே தெரிந்த அரசியல் செய்திகளை, படிப்பவரின் பொருட்டு, ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருப்பதும் ஒரு குறையே.

ஆசிரியர் சான்சம் 1952இல் எடின்பரோவில் பிறந்தவர். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றபின் வழக்கறிஞராகப் பணியாற்றினார். பழைய ஏட்டைப் படிக்கும் பயிற்சியும், சாட்சியின் சொல்லை எடைபோடும் பயிற்சியும் அவரிடம் ஒன்றுசேர்ந்தன. 2003இல் வெளிவந்த 'டிசல்யூஷன்' அவரது முதற்புதினம். 2018இல் வந்த 'டூம்லேண்ட்' வரை ஷார்ட்லேக் வரிசையில் ஏழு நூல்கள் உள்ளன. 2024 ஏப்ரலில் அவர் மறைந்தார். இப்புதினத்தைத் தழுவிய தொடர் அடுத்த சில நாள்களில் திரைக்கு வந்தது.

'டிசல்யூஷன்' என்றால் கலைத்தல், கரைத்தல் என்று பொருள். மடங்கள் கலைக்கப்பட்டதை அப்பெயர் நேராகக் குறிக்கிறது. நூலின் முடிவில் ஷார்ட்லேக் மீண்டும் ஸ்கார்ன்சிக்கு வருகிறார். மடம் இடிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. தாம் விரும்பிய செயல்தான் கண்முன்னே நடக்கிறது. அருகில் கை நிற்கிறார். இருவரும் பார்த்துக்கொண்டே நிற்கின்றனர். 1540 ஜூலை 28இல் குரோம்வெல்லும் மன்னரின் ஆணையால் தலை இழந்தார் என்பதை வரலாறு அறிந்தவர் அங்கே நினைத்துக்கொள்வர். ஷார்ட்லேக்கிற்கு அது தெரியாது.

அருஞ்சொற்பொருள்

ஆணையர் – அரசின் ஆணையை நிறைவேற்ற அனுப்பப்பட்டவர். திருப்பண்டம் – புனிதர் தொடர்பானதாகப் போற்றப்படும் பொருள். கையூட்டு – இலஞ்சம். வாக்குமூலம் – விசாரணையில் ஒருவர் அளிக்கும் கூற்று. ஏய்த்தல் – ஏமாற்றுதல். ஐயம் – சந்தேகம். உத்தி – கதை சொல்லும் முறை.

மதிப்பீடு

1. பெரிய மடங்களை மூடுவதற்கு அரசு சட்டத்தை நாடாமல் கையொப்பத்தை நாடியது ஏன்?

2. சிங்கிள்டனைக் கொன்ற கருவி வாள் என்பதை ஷார்ட்லேக் எவ்வாறு உணர்ந்தார்?

3. கதை முழுவதும் ஷார்ட்லேக்கின் கூற்றாக அமைந்திருப்பதால் விளையும் பயன் யாது? அதே கதையைத் துறவி கை சொல்லியிருந்தால் எவ்விடங்கள் மாறியிருக்கும்? ஒரு பக்க அளவில் எழுதுக.

4. 'தெரிந்த நாள்களையும் பெயர்களையும் மாற்றுவதற்கு அதற்கு உரிமை இல்லை; தெரியாத அறைக்குள் விளக்கேந்திச் செல்ல உண்டு.' இக்கருத்தை ஏற்கிறீரா? நீவிர் படித்த வரலாற்றுப் புதினம் ஒன்றைச் சான்றாகக் கொண்டு வகுப்பில் உரையாடுக.

5. ஜெரோம் கூறியதை நம்புவதா, தள்ளுவதா என்று ஷார்ட்லேக் உறங்காமல் கழித்த இரவின் நாட்குறிப்பை அவர் எழுதுவதுபோல் எழுதுக.