குழந்தையும் தொலைநோக்கியும்

தமிழ்த்துறை மலரில் தொலைநோக்கியைப் பற்றிய கட்டுரை இடம்பெறுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். இலக்கணம் பயிற்றுவிப்பவனுக்கு வான்பொருள்களோடு என்ன தொடர்பு என்று வினவுவாரும் உளர். நாள்மீன், கோள்மீன் என்று சங்கச் சான்றோர் பிரித்தறிந்த வானத்தை நம் மாணவர் பெரும்பாலும் ஏட்டில் மட்டுமே காண்கின்றனர். அன்றியும், இன்று பெற்றோராகிவிட்ட முன்னாள் மாணவர் சிலர், "பிள்ளைக்கு எத்தகைய தொலைநோக்கி வாங்கலாம்?" என்று அவ்வப்போது கேட்கின்றனர். பட்டறிவால் நான் கற்றவற்றை, அவற்றுள்ளும் பிழை செய்து கற்றவற்றை, ஈண்டுக் கூற விழைகின்றேன்.

என் மகளுக்கு ஆறு வயது நடந்தபோது நகரத்துக் கடையொன்றில் அவளுக்கென ஒரு தொலைநோக்கி வாங்கினேன். பெட்டியின் மேல் சனிக்கோளின் வண்ணப்படம். அதன் கீழ், '525 மடங்கு' என்னும் பெரிய எழுத்துகள். உள்ளே இருந்தது விரல் பருமனுள்ள கால்களால் ஆன தாங்கியும், கை பட்டால் நடுங்கும் குழலும். மொட்டை மாடியில் அதை நிறுத்தி, அரைமணி நேரம் போராடி நிலவைப் பிடித்து, மகளை அழைத்தேன்.

"தெரிகிறதா?"

"தெரியுது அத்தா."

"அழகாக இருக்கிறதா?"

"ரொம்ப அழகா இருக்கு அத்தா."

மகிழ்ச்சியோடு நானும் குனிந்து நோக்கினேன். ஒன்றுமில்லை. அவள் கைப்பட்டதும் குழல் நகர்ந்து, வெற்று வானைப் பார்த்துக்கொண்டு நின்றது. குழந்தை எதையும் காணவில்லை. தந்தையின் முகம் வாடக்கூடாதென்று கண்டதாகச் சொல்லிவிட்டாள். வினா ஆறு வகைப்படும் என்று நன்னூலை ஆண்டுதோறும் பயிற்றுவிக்கும் நான் அன்று கேட்டது அறியா வினா அன்று. 'தெரிகிறது என்று சொல்' எனப் பணிக்கும் ஏவல் வினா. கருவியின் குறையைவிட இக்குறையே என்னை வருத்தியது. விலை கொடுத்துக் கருவி வாங்கி, காணாததைக் கண்டதாகச் சொல்லும் பழக்கத்தையன்றோ குழந்தைக்குக் கற்பித்துவிட்டேன்!

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதே வாங்குவோர் கேட்கும் முதல் வினா. அது கடைசியாகக் கேட்கவேண்டிய வினாவாகும். பொருளருகு வில்லையின் குவியத் தொலைவைக் கண்ணருகு வில்லையின் குவியத் தொலைவால் வகுத்தால் கிடைப்பதே அந்த எண். கண்ணருகு வில்லையை மாற்றினால் எண்ணும் மாறிவிடும். ஆதலின் எந்தக் குழலுக்கும் எந்த எண்ணையும் அச்சிட்டுவிடலாம். உண்மையான ஆற்றல் ஒளியை வாங்கும் வில்லை அல்லது ஆடியின் விட்டத்தில் உள்ளது. விட்டம் இரு மடங்கானால் உட்புகும் ஒளி நான்கு மடங்காகும். விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து இரண்டால் பெருக்கினால் வருவதே பயன்தரும் பெருக்கத்தின் மேல்வரம்பு. 60 மி.மீ. குழலுக்கு அது 120 மடங்கு. அதற்குமேல் பெருக்கினால் கிடைப்பது பெரிய மங்கலே. சவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தின் பெருந்தொலைநோக்கியை அறிவியலார் 2.34 மீட்டர் தொலைநோக்கி என்று விட்டத்தால் குறிப்பிடுவரேயன்றி, இத்தனை மடங்கு என்று கூறுவதில்லை.

அடுத்துக் காணவேண்டியது தாங்கி. குழலின் நுனியை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். இரண்டொரு நொடிகளில் நடுக்கம் அடங்காவிடில், வில்லை எவ்வளவு சிறந்ததாயினும் அக்கருவி குழந்தைக்கு ஆகாது. ஜான் டாப்சன் என்பார் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத் தெருக்களில் போவோர் வருவோர்க்கெல்லாம் வானைக் காட்டியவர். அவர் பரப்பிய எளிய மரப்பெட்டித் தாங்கி இன்று அவர் பெயராலேயே டாப்சோனியன் எனப்படுகிறது. திருகாணி முடுக்க வேண்டுவதில்லை. கையால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். இவ்வகையில், மேசை மேல் வைக்கத்தக்க, 76 முதல் 130 மி.மீ. வரை ஆடி விட்டமுள்ள சிறு கருவிகள் கிடைக்கின்றன. என் இரண்டாம் கருவி அத்தகையது: விட்டம் 114 மி.மீ., குவியத் தொலைவு 500 மி.மீ. 20 மி.மீ. வில்லையிட்டால் 25 மடங்கு, 10 மி.மீ. வில்லையிட்டால் 50 மடங்கு. குழந்தைக்கு இவ்விரண்டுமே போதும். நிலவின் பள்ளங்களும் வியாழனின் துணைக்கோள்களும் 25 மடங்கிலேயே தெளிவாகத் தெரியும்.

பொருள் வசதி குறைந்தோர் 7×50 போன்ற இருகண் நோக்கியொன்றை வாங்கலாம். இதில் 7 என்பது பெருக்கம். 50 என்பது வில்லையின் விட்டம். ஆனால் சிறு குழந்தையின் கண்களுக்கு இடைப்பட்ட தொலைவு குறைவு. இரு குழல்களும் அந்த அளவுக்கு நெருங்குமா என்று குழந்தையின் முகத்தில் வைத்துப் பார்த்தே வாங்கவேண்டும். கார்த்திகை மீன்கூட்டத்தை இக்கருவியில் காண்பது தனி இன்பம். அதைத் தொடர்ந்து எழும் செம்மீன் ரோகிணி. அரபியர் அதற்கு இட்ட பெயர் அல்தபரான், அதாவது பின்தொடர்வது. உலகம் இன்றும் அப்பெயராலேயே அதை அழைக்கிறது. நம் நாள்மீன் வரிசையிலும் கார்த்திகையை அடுத்து வருவது ரோகிணியே. இருவேறு மொழியினர் ஒரே வானில் ஒரே ஒழுங்கைக் கண்டிருக்கின்றனர்.

ஞாயிறு பற்றிய எச்சரிக்கை

நான் முதலில் வாங்கிய பெட்டியில் கருநிறக் கண்ணாடித் துண்டு ஒன்று இருந்தது. கண்ணருகு வில்லையில் அதைத் திருகிக்கொண்டு சூரியனைக் காணலாம் என்று குறிப்பும் இருந்தது. அதை அன்றே உடைத்தெறிந்தேன். குழல் குவிக்கும் வெப்பம் முழுவதும் அந்தச் சிறு துண்டின்மேல் விழும். அது வெடித்தால், இமைப்பதற்குள் விழித்திரை கருகிவிடும். விழித்திரைக்கு வலியுணர்வு இல்லையாதலின், கெட்டது குழந்தைக்கு உடனே தெரியவும் தெரியாது. 2019 டிசம்பர் 26 அன்று கங்கண சூரிய கிரகணம் கோவை, திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளில் தோன்றியபோது, என் மகளுக்குத் தாளில் ஊசித்துளையிட்டு, நிழலில் விழுந்த ஒளி வளையத்தையே காட்டினேன். தொலைநோக்கி அன்று அலமாரிக்குள் பூட்டியே இருந்தது. பகலில் அதைத் திறந்த வெளியில் தனியே விட்டுவைத்தலும் கூடாது.

குழந்தையோடு நோக்குதல்

முதல் இரவுக்கு முழுநிலவைத் தேர்ந்தெடுக்காதீர். நேரே விழும் ஒளியில் பள்ளங்களின் நிழல் தெரிவதில்லை. எல்லாம் தட்டையான வெண்மையாகவே தோன்றும். பிறை கண்டு ஐந்தாம் நாள் முதல் ஒன்பதாம் நாள் வரை உகந்த காலம். ஒளியும் இருளும் கூடும் எல்லையில், மாலை வெயிலில் நம் நிழல் நீள்வதுபோல், மலைகளின் நிழல் நீண்டு கிடக்கும். மாலைத் தொழுகைக்குப் பின் தொடங்கினால், குழந்தையின் உறக்க நேரத்துக்குமுன் முடித்துக்கொள்ளலாம்.

தொலைநோக்கியோடு இணைந்த சிறு குறிநோக்கியைப் பகலிலேயே தொலைவிலுள்ள தண்ணீர்த்தொட்டியையோ மினாராவின் உச்சியையோ குறியாகக் கொண்டு சரிசெய்துவிடவேண்டும். அப்போதும் குழல் சூரியன் உள்ள பக்கம் திரும்பலாகாது. இரவில் குழந்தையைக் காக்க வைத்துக்கொண்டு திருகாணிகளோடு மல்லாடுவது ஆர்வத்தைக் கொன்றுவிடும். பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டை மாடி முன்னிரவு முழுதும் வெப்பத்தை உமிழ, அதன் மேல் காற்று நடுங்கி, காட்சியும் நடுங்கும். மண்தரை அமைந்த முற்றம் இருப்போர் பேறு பெற்றோர்.

சிறு குழந்தைக்கு ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் பார்க்கத் தெரியாது. ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அது கையூன்றிப் பிடித்துக்கொள்ள நாற்காலியின் முதுகு ஒன்று அருகில் இருக்கட்டும்; இல்லையேல் குழலையே பற்றும். புவி சுழல்வதால் நிலவு தன் அகலத்தைத் தானே கடக்க ஏறத்தாழ இரண்டு நிமிடமே ஆகும். ஆகவே பொருளை நடுவில் நிறுத்தாமல், அது உள்நுழையும் ஓரத்தில் நிறுத்திவிட்டுக் குழந்தையை அழைத்தால், அது கண்ணுக்குள் தானே நடந்துவரும். ஆடி வகைக் கருவியில் காட்சி தலைகீழாகத் தோன்றும். அதை முன்னரே சொல்லிவிடுதல் நன்று.

இனி, நான் மாற்றிக்கொண்ட வினாவுக்கு வருகின்றேன். 'தெரிகிறதா?' என்று கேட்பதை விட்டேன். ஒரு தாளில் வட்டமொன்று வரைந்து, பென்சிலோடு மகளிடம் கொடுத்து, "உள்ளே இருப்பதை இதில் போடு. ஒன்றுமில்லையென்றால் வெறும் வட்டமாகவே கொடு" என்றேன். முதல் வாரத்தில் வெறும் வட்டங்கள் பல வந்தன. ஒவ்வொன்றையும் வாங்கித் தேதியிட்டு வைத்தேன். கலிலியோவும் கண்டதையே வரைந்தார். 1610இல் சனியை நோக்கியபோது நடுவே ஒன்றும் இருபுறம் இரண்டுமாக மூன்று உருண்டைகள் தெரிந்தன, மூன்றையே குறித்தார். 1612இல் பக்கத்து உருண்டைகள் மறைந்தன. மறைந்ததையும் திகைப்போடு எழுதி வைத்தார். வளையம் விளிம்பாகத் திரும்பியதே காரணம். வளையம் என்னும் விளக்கத்தை ஹைகன்ஸ் 1659இல் நூலாக வெளியிட்டார். 2025 மார்ச்சிலும் அவ்வாறே வளையம் விளிம்பாகத் திரும்பிற்று. பிறை கண்ட சாட்சியத்தை எடைபோடும் நம் பெரியவர்களுக்கு, கண்டதை மட்டும் சொல்வதன் அருமையை நான் விளக்கவேண்டியதில்லை.

ஓரிரவு வியாழனைக் காட்டினேன். மகள் வெகுநேரம் பார்த்துவிட்டு, நடுவே சிறு வட்டம், ஒருபுறம் இரண்டு புள்ளி, மறுபுறம் ஒன்று என வரைந்து தந்தாள். "நான்கு இருக்கவேண்டுமே, கண்ணு, நன்றாகப் பார்" என்றேன். மீண்டும் பார்த்தாள். "மூணுதான் அத்தா" என்றாள். முன்போல் என் முகத்தைப் பார்க்கவில்லை, தாளைத்தான் நீட்டினாள். நான் குனிந்து நோக்கினேன். மூன்றுதான் இருந்தன, நான்காவது கோளின் முன்னோ பின்னோ மறைந்திருந்தது. கலிலியோவும் 1610 ஜனவரி 7 அன்று முதலில் கண்டவை மூன்றே. நான்காவதை அவர் கண்டது 13ஆம் நாளில்.

மறுநாள் இரவு அவள் தந்த தாளில் புள்ளிகள் நான்கு இருந்தன.