விஞ்ஞானக் கதை ரசிகரும் அவர்தம் வேஷங்களும்

விஞ்ஞானக் கதை என்பது, இயற்கை விதிகளைப் பற்றி நாம் அறிந்துள்ளவற்றை ஆதாரமாகக் கொண்டு, இன்னும் நிகழாதனவும் ஆயினும் நிகழக் கூடுமென்று எண்ணத் தக்கனவுமாகிய காரியங்களைப் புனைந்துரைப்பது. பிரெஞ்சு ஆசிரியர் ஜூல் வெர்னும் ஆங்கில ஆசிரியர் எச். ஜி. வெல்ஸும் இத்துறையில் முன்னோடிகள் என்பதை இச்சஞ்சிகையின் வாசகர் பலரும் அறிவர். அவர்தம் நூல்களைக் குறித்து எழுதியோர் பலர். அந்நூல்களையும், பின்னர் எழுந்த சினிமாக்களையும் டெலிவிஷன் நாடகங்களையும் விரும்பி, அவற்றைப் பற்றிக் கூடிப் பேசி, அவற்றின் பாத்திரங்களாக வேஷமும் தரித்துக் களித்த ரசிகரைக் குறித்து எழுதியோர் சிலரே. வேலையற்றோர் விளையாட்டு என்று கற்றோர் அவர்களை ஒதுக்கிவிடுவது வழக்கம். அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

லக்ஸம்பர்க் நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஹியூகோ கெர்ன்ஸ்பாக் என்பவர், 1926-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் 'அமேஸிங் ஸ்டோரிஸ்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். விஞ்ஞானக் கதைகளுக்கென்றே வெளிவந்த முதல் ஆங்கிலச் சஞ்சிகை அதுவே. தாள் மலிவானது, பிராங்க் ஆர். பால் என்னும் ஓவியர் வரைந்த அட்டைப்படமோ கடையிற் செல்வோரை நின்று பார்க்கச் செய்வது. கதைகளிற் பல இன்று படித்தற்கு இனியன அல்ல. ஆனால் ஆசிரியர் செய்த சிறு காரியம் ஒன்று பெரும் பயன் விளைத்தது. வாசகர் எழுதிய கடிதங்களை வெளியிடுகையில், எழுதியவரின் பெயரோடு முழு விலாசத்தையும் அச்சிட்டார். தன்னூரில் இக்கதைகளைப் பற்றிப் பேசத் துணையின்றி இருந்த இளைஞன் ஒருவன், தன்னைப் போன்ற வேறொருவன் நூறு மைலுக்கு அப்பால் இருப்பதை அதனால் அறிந்தான். ஆசிரியருக்கு எழுதிய கடிதங்கள் வாசகர் ஒருவருக்கொருவர் எழுதும் கடிதங்களாயின, கடிதங்கள் சங்கங்களாயின. நம் விடுதிகளில் மாணவர் நடத்தி வந்த கையெழுத்துப் பத்திரிகைகளைப் போல, அவர்களும் தாமே எழுதித் தாமே பிரதியெடுத்த சிறு பத்திரிகைகளைத் தபாலில் அனுப்பிக் கொண்டனர். அவற்றுள் முதலாவதாகக் கருதப்படும் 'தி காமெட்' 1930-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது.

இங்கிலாந்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1937-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி லீட்ஸ் நகரத்துத் தியசாபிகல் மண்டபத்தில் ரசிகர் சிலர் கூடினர். அக்கூட்டத்தில் இருந்த இளைஞருள் ஒருவர் ஆர்தர் சி. கிளார்க். இவரே 1956-இல் இலங்கையிற் குடியேறி, 2008-இல் மறையும் வரை அங்கு வாழ்ந்து, உலகப் புகழ் பெற்ற ஆசிரியர். ரசிகனுக்கும் ஆசிரியனுக்கும் இடையே இத்துறையில் மதிற்சுவர் இருந்ததில்லை என்பதற்கு இவர் வாழ்க்கை ஒன்றே போதிய சான்றாகும்.

இனி வேஷத்தின் வரலாற்றுக்கு வருவோம். 1939-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி, நியூயார்க்கில் முதலாவது உலக விஞ்ஞானக் கதை மாநாடு கூடிற்று. அவ்வாண்டு அந்நகரில் 'நாளைய உலகம்' என்ற பொருளை முன்வைத்து நடைபெற்ற மாபெரும் பொருட்காட்சியை ஒட்டியே இம்மாநாடும் கூட்டப்பெற்றது. வந்தோர் சுமார் 200 பேர். ஜெர்மனியில் 1927-இல் வெளியான 'மெட்ரோபோலிஸ்' என்ற மௌனப்படம் அவர்களுக்குக் காட்டப்பட்டது. சகோதரத்துவம் பேசிய அம்மாநாடு, பகைக் கோஷ்டியைச் சேர்ந்த ஆறு இளைஞரை வாயிலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பியது என்பதையும் மறைத்தற்கில்லை. எதிர்கால மாந்தரைக் கனவு காண்போரும் நிகழ்காலச் சண்டைகளை விட்டவர் அல்லர்.

அம்மாநாட்டுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலிருந்து ரயிலேறி வந்தனர் இருவர். ஒருவர் பாரஸ்ட் அக்கர்மன், அப்போது 22 வயதினர். மற்றவர் மிர்ட்டில் டக்ளஸ் என்னும் பெண்மணி. இருவரும் எஸ்பெராண்டோ என்னும் உலகப் பொதுமொழியிற் பற்றுடையவர். தம் பெயரின் முதலெழுத்துக்களை அம்மொழியில் ஒலித்து 'மொரோயோ' என்ற புனைபெயரை அம்மாது வைத்துக் கொண்டிருந்தார். மாநாட்டில் ஏனையோர் கோட்டும் டையும் அணிந்திருக்க, இவ்விருவர் மட்டும் எதிர்கால மனிதரின் உடையில் தோன்றினர். தோளிலிருந்து விரியும் மேலாடையும் நூதனமான சட்டையுமாக அவ்வுடை இருந்தது. வெல்ஸின் நூலைத் தழுவி 1936-இல் வெளியான 'திங்ஸ் டு கம்' என்ற சினிமாவில் 2036-ஆம் ஆண்டின் மாந்தர் அணிந்த உடையையும், மேற்சொன்ன ஓவியர் பால் வரைந்த சித்திரங்களையும் பார்த்து அமைத்த உடைகள் அவை. திரையிலிருந்த ஒன்று திரையை விட்டிறங்கித் தெருவில் நடந்தது. இன்று உலகெங்கும் ரசிகர் மாநாடுகளில் ஆயிரக் கணக்கானோர் தரிக்கும் வேஷங்களுக்கெல்லாம் வித்து இதுவே என்பர்.

இவ்விடத்தில் வாசகர் சற்றே நின்று கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இவ்வரலாற்றைச் சொல்லியோர் நெடுங்காலம் அக்கர்மனையே இக்கலையின் தந்தை என்று போற்றினர். அவர் 2008 வரை வாழ்ந்தவர், பேச்சில் வல்லவர், சினிமாப் பொருள்களைச் சேகரித்துப் புகழ் பெற்றவர். ஆனால் அவ்வுடைகளை எண்ணி அமைத்து, துணி வெட்டித் தைத்தவர் மொரோயோ. அவர் 1964-இல் மறைந்தார். தம் கதையைத் தாமே சொல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அடுத்த ஆண்டு சிக்காகோவிற் கூடிய இரண்டாம் மாநாட்டில் வேஷப் போட்டி ஒன்று நடந்தது. 'பிளாஷ் கார்டன்' கதையில் வரும் கொடுங்கோலன் மிங் என்பவனாக வந்த டேவிட் கைல் என்பாரே பரிசு பெற்றார். அவருடைய உடையைச் செய்தவரோ லெஸ்லி பெரி என்ற பெண்மணி. அணிந்தவரை உலகம் நினைவு வைக்கிறது. ஊசி பிடித்தவரை மறந்து விடுகிறது. இவ்விரு பெண்மணிகளின் பெயரும் அண்மைக் காலத்திலேயே உரிய இடத்தை அடைந்து வருகின்றன. இது காலந்தாழ்த்தி வந்த நீதியாயினும் நீதியே.

வேஷம் என்றவுடன் மேனாட்டார்க்கு முதலில் நினைவு வருவது ஹாலோவீன் இரவு. நவம்பர் 1-ஆம் தேதி சகல பரிசுத்தவான்களின் திருநாள். அதற்கு முந்தின இரவே ஹாலோவீன். பழைய அயர்லாந்தில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் இக்காலத்தில் 'ஸாவின்' என்ற விழா நிகழ்ந்தது. ஆவிகள் உலாவும் அவ்விரவில் தம்மை அவை அறியாதிருக்க மக்கள் முகமூடி அணிந்தனர் என்பது வழிவழிச் செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்து, ஸ்காத்லாந்து மக்கள் பெருவாரியாக அமெரிக்காவிற் குடியேறியபோது இவ்வழக்கமும் உடன் சென்றது. பிள்ளைகள் வேஷந்தரித்து வீடு வீடாகச் சென்று மிட்டாய் கேட்பது பிற்காலத்து வளர்ச்சி.

ஹாலோவீன் வேஷமும் ரசிகர் வேஷமும் ஒன்றென்று பலர் கருதுகின்றனர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. முன்னதன் மூலக் கருத்து மறைதல். பின்னதன் கருத்து வெளிப்படுதல். முகமூடி அணிந்த சிறுவன் 'நான் யாரென்று சொல் பார்க்கலாம்' என்கிறான். ரசிகனோ 'நான் எதை நேசிக்கிறேன் என்று பார்' என்கிறான். கூட்டத்தில் முன்பின் அறியாத ஒருவர் அவ்வுடையைக் கண்டு முகம் மலர்வாராயின், அவ்வளவே அவன் வேண்டும் பரிசு. கெர்ன்ஸ்பாக்கின் சஞ்சிகையில் அச்சிட்ட விலாசம் செய்த வேலையை இங்கே உடை செய்கிறது.

இவ்வேறுபாடு கடைச்சரக்கைக் கண்டால் நன்கு விளங்கும். பென் கூப்பர் என்ற அமெரிக்க நிறுவனம் ஹாலோவீன் உடைகளைப் பெட்டியில் அடைத்துப் பல்லாண்டுகள் விற்று வந்தது. மெல்லிய பிளாஸ்டிக் முகமூடி ஒன்றும், மேலே போட்டுக் கொள்ளும் அங்கி ஒன்றும் அதிலிருக்கும். அங்கியின் மார்பில், அப்பாத்திரத்தின் படத்தையோ பெயரையோ கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்! அப்பாத்திரம் தன் மார்பிலே தன் பெயரை எழுதித் திரிந்ததாகக் கதையில் எங்கும் இல்லை. இதைக் குறை கூறுவதற்கில்லை. தையல் அறியாத தாய்மார்க்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் அது உதவிற்று. எனினும், பார்த்துப் பார்த்துத் தைத்த உடைக்கு மேற்படி விளம்பரம் வேண்டியதில்லை.

ஹாலோவீனும் விஞ்ஞானக் கதையும் விசித்திரமாகச் சந்தித்த வேறிரண்டு சமயங்களையும் கூறுவோம். 1938-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி, ஹாலோவீனுக்கு முந்திய இரவில், ஆர்சன் வெல்ஸ் என்னும் இளம் நடிகர், எச். ஜி. வெல்ஸின் செவ்வாய்க்கிரகப் படையெடுப்புக் கதையை ரேடியோவில் நாடகமாக ஒலிபரப்பினார். கதை செய்தி அறிக்கையின் வேஷத்தில் வந்தமையால், கேட்டவருட் சிலர் மெய்யென்று மருண்டனர். நாடு முழுவதும் பீதியுற்றதாகப் பத்திரிகைகள் எழுதியதோ பெரும்பாலும் மிகையே. மற்றொன்று 1978-இல் நிகழ்ந்தது. 'ஹாலோவீன்' என்ற பெயரிலேயே அவ்வாண்டு வெளிவந்த பயங்கரச் சினிமாவுக்குக் கொலைஞனின் முகமூடி தேவைப்பட்டது. கையிற் பணம் குறைவு. ஆகவே, 'ஸ்டார் டிரெக்' நாடகத்துக் கப்பற்றலைவன் கிர்க்கின் முகமூடி ஒன்றைக் கடையில் வாங்கி, வெள்ளை வர்ணம் பூசி, கண்துளைகளைப் பெரிதாக்கிப் பயன்படுத்தினர். நட்சத்திரங்களிடையே சமாதானம் நாடிச் சென்ற வீரனின் முகமே, பார்த்தோர் அஞ்சி அலறும் பேய்முகமாயிற்று.

'ஸ்டார் டிரெக்' என்ற அந்நாடகம் 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் தேதி முதல் அமெரிக்க டெலிவிஷனில் காட்டப்பட்டது. பார்ப்போர் தொகை போதாதென்று இரண்டாம் ஆண்டின் இடையிலேயே அதை நிறுத்தப் போவதாகச் செய்தி பரவிற்று. அப்போது ஜான் டிரிம்பிள், பியோ டிரிம்பிள் என்ற தம்பதிகள், தாமறிந்த ரசிகர்க்கெல்லாம் எழுதி, அவர்களைக் கொண்டு டெலிவிஷன் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுவித்தனர். கடிதங்கள் லட்சத்துக்கு மேற்பட்டன. 1968-ஆம் ஆண்டு மார்ச்சு 1-ஆம் தேதி, நாடகம் தொடரும் என்று நிறுவனத்தார் ஒளிபரப்பிலேயே அறிவிக்க நேர்ந்தது. மூன்றாம் ஆண்டோடு, 79 பகுதிகளில், அது நின்றதாயினும் ரசிகர் நிற்கவில்லை. 1972 ஜனவரியில் நியூயார்க்கில் அவர்கள் கூட்டிய மாநாட்டுக்குச் சில நூறு பேரே எதிர்பார்க்கப்பட்டனர்; வந்தவரோ பல்லாயிரவர். 1976-இல் அமெரிக்க அரசாங்கம் தன் முதல் விண்வெளி ஓடத்துக்கு வேறு பெயர் வைக்க எண்ணியிருந்ததை மாற்றி, நாடகத்துக் கப்பலின் பெயராகிய 'எண்டர்பிரைஸ்' என்பதையே வைத்ததும் ரசிகர் எழுதிய கடிதங்களின் விளைவே.

ஆங்கிலேயரும் பின்தங்கினார் அல்லர். 1963 நவம்பர் 23-இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' நாடகத்தில், 1974 முதல் டாம் பேக்கர் என்பவர் நாயகராக நடித்தார். அவருக்குக் கழுத்துத் துணி ஒன்று பின்னித் தரும்படி பெகோனியா போப் என்ற பின்னற்காரியிடம் பல நிறக் கம்பளி நூல் கொடுத்தனர். கொடுத்த நூல் முழுவதையும் பின்னிவிட வேண்டுமென்று எண்ணிய அப்பெண்மணி ஓயாது பின்னினார். அத்துணி தரையில் இழுபடும் நீளத்துக்கு வளர்ந்து விட்டது! நடிகர் அதைக் கண்டு மகிழ்ந்து அவ்வாறே அணிந்தார். பின்னும் முறையைக் கேட்டு எழுதிய ரசிகர்க்கு நிறுவனத்தார் நிற வரிசையும் வரி எண்ணிக்கையும் குறித்த தாளை அனுப்பினர். எத்தனை பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்காக அந்நீண்ட துணியைப் பின்னி அலுத்தனரோ, அவர்களே அறிவர்.

'ஸ்டார் டிரெக்' நாடகத்தில் செய்தித் தொடர்பு அதிகாரியாகிய உஹுரா என்ற பாத்திரத்தைத் தாங்கியவர் நிச்சல் நிக்கல்ஸ் என்னும் ஆப்பிரிக்க-அமெரிக்க நடிகை. கறுப்பினப் பெண்களை டெலிவிஷனில் பெரும்பாலும் வேலைக்காரிகளாகவே காட்டிய காலத்தில், அவர் அதிகாரியாகத் தோன்றினார். ஓராண்டின் பின் விலக எண்ணியிருந்த அவரைத் தொடர்ந்து நடிக்கும்படி கேட்டுக் கொண்டவர் மார்ட்டின் லூதர் கிங். 1977 முதல் அந்நடிகை அமெரிக்க விண்வெளி ஸ்தாபனத்துக்காக ஊர் ஊராகச் சென்று, பெண்களையும் சிறுபான்மை இனத்தாரையும் விண்வெளி வீரராக விண்ணப்பிக்கும்படி தூண்டினார். சிக்காகோவில் வளர்ந்த மே ஜெமிஸன் என்ற சிறுமி அந்நாடகத்தைப் பார்த்தே, விண்வெளியில் தனக்கும் இடமுண்டென்று எண்ணினாள். அவர் மருத்துவம் கற்று, 1992-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் தேதி 'எண்டவர்' ஓடத்தில் ஏறி, விண்வெளி சென்ற முதல் ஆப்பிரிக்க-அமெரிக்கப் பெண்மணியானார்.

மறு ஆண்டு, அந்நாடகத்தின் வழிவந்த புதிய நாடகமொன்றில் ஒரு பகுதியில் நடிக்க அவர் அழைக்கப்பட்டார். சிறு வேடம், பேசும் வார்த்தைகளும் சிலவே. மெய்யான விண்வெளி உடையைத் தரித்து உலகை வலம் வந்தவர், ஆடை அறையில் தமக்கென வைத்திருந்த நாடகக் கப்பலின் சீருடையை அணிந்து கொண்டு காமிராவின் முன் வந்து நின்றார். அன்று அவரைக் காண அவ்விடத்துக்கு நிச்சல் நிக்கல்ஸும் வந்திருந்தார்.